கைப்பேசிக் குரல் செய்தி: ஒலிப்பதிவைச் சுருக்கும் முறை

(காவிரிப் பாசனப் பகுதி உழவர் குழுக்களின் கூட்டத்தில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பயிருக்கு வேண்டிய செய்தி உழவருக்கு உரிய காலத்தில் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் மட்டும் போதாது. சொன்னது சொன்னபடியே காதில் விழவும் வேண்டும். "இருநூற்று நாற்பது கிராம்" என்று சொன்னது "நூற்று நாற்பது கிராம்" என்று கேட்டால், அந்தச் செய்தி வராமல் இருந்ததே மேல் என்று ஆகிவிடும். இன்று பல உழவர் குழுக்கள் தங்கள் உறுப்பினர்களுக்குக் கைப்பேசி வழியாகக் குரல் செய்தி அனுப்ப விரும்புகின்றன. அச்செய்தியை நல்ல முறையில் பதிவு செய்த பிறகும், தொலைபேசி அமைப்பிற்கு ஏற்ற வடிவில் சுருக்கும்போதுதான் பெரும்பாலும் பழுது நேருகிறது. அதனைத் தவிர்க்கும் முறையை இங்கே விளக்க விரும்புகிறேன்.

வானொலி தந்த பாடம்

குரல் வழியாக வேளாண்மைச் செய்தி பரவுவது தஞ்சைத் தரணிக்குப் புதிதன்று. 1960-களின் தொடக்கத்தில் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் இங்கே நடைமுறைக்கு வந்தது. அதே பத்தாண்டின் நடுவில், ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஆடுதுறை 27 என்ற குறுகிய கால இரகம் வெளிவந்தது. திருச்சி வானொலி நிலையத்தின் பண்ணை ஒலிபரப்பு இந்த இரகத்தைப் பற்றித் தொடர்ந்து எடுத்துச் சொன்னது. உழவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டு விட்டார்கள். விதைக் கடையில் இரகத்தின் எண்ணைச் சொல்லாமல் "ரேடியோ நெல் இருக்கிறதா?" என்று கேட்கும் அளவுக்கு அந்தப் பெயர் நிலைத்தது. ஒரு நெல் இரகத்திற்கு அதைச் சொன்ன கருவியின் பெயரே அமைந்தது, குரலுக்கு உள்ள ஆற்றலைக் காட்டுகிறது.

அந்நாளில் வானொலிப் பெட்டியைச் சுற்றிப் பலர் கூடியிருந்து கேட்டார்கள். ஒருவருக்குச் சரியாக விழாத சொல்லைப் பக்கத்தில் இருந்தவர் எடுத்துச் சொல்ல முடிந்தது. கைப்பேசிச் செய்தி அப்படியன்று. வரப்பில் நிற்கும் ஒருவர், ஒரு காதில், பம்புசெட்டு ஓடும் சத்தத்திற்கு இடையில் அதைக் கேட்கிறார். அவரைத் திருத்துவார் பக்கத்தில் இல்லை. ஆகவே வானொலிக்குக் காட்டிய கவனத்தைவிடக் கூடுதலான கவனத்தைக் கைப்பேசிச் செய்திக்குக் காட்ட வேண்டியுள்ளது.

2004-ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கப்பட்ட உழவர் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே ஐயம் கேட்கலாம். அங்கே ஆள் பேசுகிறார். புரியாவிட்டால் திரும்பக் கேட்கலாம். 2007-இல் தொடங்கப்பட்ட இஃப்கோ கிசான் சஞ்சார் நிறுவனம் ஒரு நிமிட அளவிலான பதிவுச் செய்திகளை உழவர்களின் கைப்பேசிக்கு அனுப்பும் முறையைக் கொண்டு வந்தது. நாம் இன்று பேசுவது இந்த இரண்டாம் வகை, அதாவது முன்கூட்டியே பதிவு செய்து அனுப்பும் செய்தியைப் பற்றியது.

ஒலி எவ்வாறு கோப்பாகிறது?

குரல் என்பது காற்றில் ஏற்படும் அதிர்வு. கணினி இந்த அதிர்வை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக எழுதி வைக்கிறது. ஒவ்வோர் அளவீட்டையும் ஒரு 'மாதிரி' என்கிறோம். நல்ல ஒலிப்பதிவுக் கருவி நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும். ஒவ்வொரு மாதிரியும் 16 பிட் கொண்டது. அதாவது 65,536 படிகள் கொண்ட அளவுகோலால் அளக்கப்படுகிறது. இடம், வலம் என இரண்டு தடங்கள் இருந்தால் அது ஸ்டீரியோ. ஒரே தடமானால் மோனோ.

இக்கோப்புகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, அளந்த எண்களை அப்படியே வைத்திருக்கும் 'வேவ்' கோப்பு. பெரியது, குறை ஏதுமில்லாதது.

இரண்டாம் வகை, இழப்பின்றிச் சுருக்கிய கோப்பு. 'ஃபிளாக்' என்பது இவ்வகையைச் சேர்ந்தது, 2001-இல் வெளிவந்தது. வைக்கோலை இயந்திரத்தால் கட்டு கட்டுவதை இதற்கு ஒப்பிடலாம். இடம் குறைகிறது, பிரித்தால் அதே வைக்கோல் முழுவதும் கிடைக்கிறது.

மூன்றாம் வகை, இழப்புடன் சுருக்கிய கோப்பு. எம்.பி.3 கோப்பும், வாட்ஸ்அப் குரல் குறிப்பும், தொலைபேசி அமைப்புகளில் பயன்படும் குரல் வடிவங்களும் இவ்வகையின. இது நெல்லை அரைத்து அரிசியாக்குவதைப் போன்றது. அளவு குறைகிறது, பயன்படுத்த எளிதாகிறது. ஆனால் அரிசியைத் திரும்ப நெல்லாக்க முடியாது. சுருக்கும்போது போன ஒலி போனதுதான். பிறகு எந்தக் கருவியாலும் அதைத் திரும்பக் கொண்டுவர இயலாது.

தொலைபேசி எதை விட்டுவிடுகிறது?

சாதாரணத் தொலைபேசித் தடம் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகளை மட்டுமே கொண்டு செல்லும்படி அமைந்தது. ஒரே செம்பில் பல உரையாடல்களைச் செலுத்த வேண்டியிருந்த காலத்தில், பேச்சு புரிவதற்குப் போதுமான பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு எஞ்சியதை விட்டுவிட்டார்கள். இன்றைய குரல் செய்தி அமைப்புகள் பெரும்பாலும் இந்த அளவையே பின்பற்றுகின்றன. நொடிக்கு 8,000 மாதிரிகள் என்பது இதன் கணக்கு. ஒரு நொடிக்கு எத்தனை மாதிரி எடுக்கிறோமோ அதில் பாதி எண்ணிக்கை வரையுள்ள அதிர்வுகளைத்தான் பதிய முடியும் என்பது விதி. ஆகவே 8,000 மாதிரிகளில் 4,000 ஹெர்ட்சுக்கு மேல் எதுவும் நிற்காது.

இதனால் நேரும் விளைவைக் கவனிக்க வேண்டும். அ, ஆ, இ, உ போன்ற உயிரோசைகளின் முக்கியப் பகுதி இந்த எல்லைக்குள் வந்துவிடும். ஆனால் ஸ போன்ற சீறல் ஓசைகளின் பெரும்பகுதி 4,000 ஹெர்ட்சுக்கு மேல் உள்ளது. நம் இடுபொருள்களின் பெயர்களைப் பாருங்கள்: சூடோமோனாஸ், பேசில்லஸ், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா. எல்லாவற்றிலும் 'ஸ்' இருக்கிறது. தொலைபேசியில் முதலில் மங்குவது அந்த எழுத்துத்தான்.

ஆணின் குரலில் அடிப்படை அதிர்வு சுமார் 100 முதல் 150 ஹெர்ட்ஸ். அதுவும் தொலைபேசித் தடத்தில் செல்லாது. இருந்தும் ஆண் குரல் ஆண் குரலாகவே கேட்கிறது. மேலே உள்ள அதிர்வுகளைக் கொண்டு நம் காதும் மூளையும் அதை நிரப்பிக் கொள்கின்றன. ஆகவே கீழ்ப்பகுதி இழப்பதற்குக் கவலைப்பட வேண்டியதில்லை. மேல்பகுதி இழப்புக்கே முன்னேற்பாடு தேவை.

ஏ-லா என்னும் அளவுகோல்

தொலைபேசி அமைப்பு ஒவ்வொரு மாதிரிக்கும் 8 பிட் மட்டுமே ஒதுக்குகிறது. அதாவது 256 படிகள். இந்தப் படிகளைச் சம இடைவெளியில் அமைத்தால், உரத்த ஒலி நன்றாக வரும். மெல்லிய ஒலி இரைச்சலில் மூழ்கிவிடும். எடை மேடையில் லாரியை நிறுத்தலாம். பொன்னை நிறுக்க முடியாது. மெல்லிய ஒலிக்குத் தட்டான் தராசு வேண்டும்.

இதற்காக ஏற்பட்டதே 'ஏ-லா' என்னும் முறை. மெல்லிய ஒலிக்குப் படிகள் நெருக்கமாகவும், உரத்த ஒலிக்குப் படிகள் அகலமாகவும் அமைக்கப்படுகின்றன. இதனால் 8 பிட்டிலேயே மெல்லிய ஒலிக்கு 13 பிட் அளவின் நுட்பம் கிடைக்கிறது. 1972-இல் ஜி.711 என்ற பன்னாட்டுத் தொலைத்தொடர்புப் பரிந்துரையில் இது இடம்பெற்றது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் ஏ-லா வழக்கில் உள்ளது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 'மியூ-லா' என்ற சற்று மாறுபட்ட முறை வழங்குகிறது.

உழவர் குழுக்கள் இதை ஏன் அறிய வேண்டும் என்று கேட்கலாம். பேச்சில் எண்ணுப்பெயரின் தொடக்கம் சில வேளைகளில் மெலிந்து ஒலிக்கும். "இருநூறு" என்பதில் 'இரு' மெலிந்து, 'நூறு' ஓங்கி ஒலிக்கிறது. "மில்லி லிட்டர்" என்பதில் 'மில்லி' விரைந்து போய்விடுகிறது. கோப்பை மாற்றும்போது ஏ-லா என்று தேர்ந்தெடுக்காமல் வெறும் '8 பிட்' என்று தேர்ந்தெடுத்துவிட்டால், ஓர் இரைச்சல் பின்னணியில் எழும். அந்த இரைச்சலில் 'இரு' மறைந்தால் எஞ்சுவது 'நூறு'. 'மில்லி' மறைந்தால் எஞ்சுவது 'லிட்டர்'. முன்னதில் மருந்து பாதியாகிறது. பின்னதில் ஆயிரம் மடங்காகிறது. கணினியில் ஒரு வரியைத் தவறாகத் தேர்ந்தெடுத்ததன் பலனை வயல் அனுபவிக்க நேரிடும்.

எவ்வளவு சுருங்குகிறது?

ஒரு நிமிடச் செய்திக்கான கணக்கு வருமாறு:

1. வேவ், 44,100 மாதிரி, 16 பிட், ஸ்டீரியோ – சுமார் 10.6 மெகாபைட்
2. அதுவே மோனோவாக – சுமார் 5.3 மெகாபைட்
3. வேவ், 8,000 மாதிரி, 16 பிட், மோனோ – 0.96 மெகாபைட்
4. ஏ-லா, 8,000 மாதிரி, 8 பிட், மோனோ – 0.48 மெகாபைட்
5. ஜி.எஸ்.எம். முழுவீத முறை (நொடிக்கு 13 கிலோபிட்) – சுமார் 0.1 மெகாபைட்

முதல் வரிக்கும் நான்காம் வரிக்கும் 22 மடங்கு வேறுபாடு உள்ளது. ஐந்தாவது முறை இன்னும் சிறியது. ஆனால் அது மனிதக் குரல் உண்டாகும் விதத்தைக் கணக்கிட்டுச் சுருக்குவது. குரலை ஓரளவு நன்றாகவே தரும். பாட்டு, வாத்தியம், இயந்திர ஓசை இவற்றைச் சிதைத்துவிடும். சேவை நிறுவனம் கேட்டால் அன்றி இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

மாற்றும் முறை

இதற்கு விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. 'ஆடாசிட்டி' என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் குழுவில் கணினி அறிந்த இளைஞர் ஒருவர் அரை நாளில் பழகிவிடலாம். செய்ய வேண்டியவை:

1. பதிவு. மின்விசிறியை நிறுத்தி, மெத்தை, துணிகள் உள்ள அறையில் பதிவு செய்யவும். வெறும் சுவர் கொண்ட கூடத்தில் எதிரொலி ஏற்படும். கருவி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். வேவ் வடிவில், 44,100 அல்லது 48,000 மாதிரியில் பதியவும்.

2. மூலத்தைக் காத்தல். பதிந்த கோப்பை ஃபிளாக்காக மாற்றி, தேதியும் பொருளும் பெயரில் தெரியும்படி இரண்டு இடங்களில் சேமிக்கவும். வேலை செய்வது அதன் நகலில் மட்டுமே.

3. வெட்டுதல். தேவையற்ற பகுதிகளை நீக்கவும். ஆனால் செய்தியின் தொடக்கத்தில் ஒரு நொடி அமைதியை விட்டு வைக்கவும். கைப்பேசியைக் காதில் வைக்கும் நேரத்தில் முதல் சொல் போய்விடக் கூடாது. அமைதியைத் தானாக நீக்கும் வசதியைப் பயன்படுத்த வேண்டாம். எண்களின் மெல்லிய தொடக்கத்தையும் அது சேர்த்து வெட்டிவிடும்.

4. வடிகட்டல். 150 ஹெர்ட்சுக்குக் கீழுள்ள இரைச்சலை நீக்கவும். பம்புசெட்டு, டிராக்டர் ஆகியவற்றின் உறுமல் இதில் குறையும். இரைச்சல் நீக்கும் வசதியை அளவோடு பயன்படுத்தவும். மிகுந்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகும்.

5. ஒரு தடமாக்கல். ஸ்டீரியோவை மோனோவாக மாற்றவும்.

6. ஒலி அளவு. உச்ச அளவு கழித்தல் 3 டெசிபெல் இருக்கும்படி 'நார்மலைஸ்' செய்யவும். அதற்கு மேல் மிகுதியாக ஏற்றினால் உரத்த இடங்கள் உடைந்து கரகரக்கக்கூடும்.

7. மாதிரி குறைத்தல். 8,000 என்று அமைக்கவும். 4,000 ஹெர்ட்சுக்கு மேலுள்ள ஒலியை மென்பொருள் முதலில் வடிகட்டிவிட்டே மாதிரியைக் குறைக்கும். வடிகட்டாமல் குறைத்தால் மேல் ஒலிகள் கீழே மடங்கி வந்து வேறு ஓசையாகக் கேட்கும்.

8. ஏற்றுமதி. 'எக்ஸ்போர்ட்' பகுதியில் பிற அழுத்தப்படாத கோப்புகள் என்ற வகையைத் தேர்ந்து, தலைப்பு 'வேவ்' என்றும், குறியீடு 'ஏ-லா' என்றும் அமைக்கவும். சேவை நிறுவனம் வேறு வடிவம் கேட்டால் அதன்படியே தரவும். நிறுவனமே மாற்றிக்கொள்வதாக இருந்தால், 16 பிட் வேவ் கோப்பைக் கொடுத்து, மாற்றியதைக் கேட்டுப் பார்க்கவும்.

ஒரு முறைதான் சுருக்க வேண்டும்

இது மிக முக்கியம். விதைப் பெருக்கத்தில் வல்லுநர் விதையிலிருந்து ஆதார விதையும், ஆதார விதையிலிருந்து சான்று விதையும் எடுக்கிறோம். சான்று விதையிலிருந்து மீண்டும் மீண்டும் எடுத்துக்கொண்டே போனால் கலப்பு ஏறுகிறது. ஒலிக்கோப்பும் அவ்வாறே. மூலப் பதிவிலிருந்து ஒரே முறையில் ஏ-லா கோப்பு எடுக்க வேண்டும். வாட்ஸ்அப் குரல் குறிப்பாக வந்ததை எம்.பி.3 ஆக்கி, அதை ஏ-லா ஆக்கி அனுப்பினால் மூன்று முறை அரைத்ததாகிறது. அது போதாதென்று, கைப்பேசிக் கோபுரத்திலிருந்து உழவரின் கைக்குப் போகும்போது இன்னொரு சுருக்கமும் நடக்கிறது. அது நம் கையில் இல்லை. நம் கையில் உள்ள பகுதியையாவது தூய்மையாகக் கொடுக்க வேண்டும்.

வேளாண்மை அலுவலரிடமோ ஆராய்ச்சி நிலையத்திலிருந்தோ குரல் பதிவு பெறும்போது, அதை வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பும்படி கேளுங்கள். அவ்வாறு அனுப்பினால் கோப்பு மாறாமல் வரும். குரல் குறிப்பாக அனுப்பினால் சுருங்கியே வரும்.

தொலைபேசி எடுத்துக்கொண்டதைச் சொல்லில் ஈடு செய்தல்

எவ்வளவு கவனமாக மாற்றினாலும் 4,000 ஹெர்ட்சுக்கு மேல் போனது போனதுதான். அந்த இழப்பைச் சொல்லும் முறையில் ஈடு செய்ய வேண்டும்.

அ. எண்ணை இரு வகையில் சொல்லவும். "இருபத்து நான்கு; இரண்டு, நான்கு." எழுபது, எண்பது ஆகியவை ஒரே எழுத்தில் தொடங்கி ஒரே ஓசையில் முடிகின்றன. "ஏழு, சுழி", "எட்டு, சுழி" என்றால் ஐயம் இல்லை. இரகப் பெயருக்கும் இது பொருந்தும். ஆடுதுறை 36, ஆடுதுறை 37 இரண்டும் தனித்தனி இரகங்கள். விரைந்து சொன்னால் கடைசி அசை மட்டுமே அவற்றைப் பிரித்துக் காட்டும்.

ஆ. அளவைச் சரிபார்க்க ஒரு அடையாளம் தரவும். "இருநூற்று நாற்பது கிராம், அதாவது கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு" என்றால், 'இரு' காதில் விழாவிட்டாலும் 'கால் கிலோ' காப்பாற்றும்.

இ. பரப்பளவைத் தெளிவாகச் சொல்லவும். பரிந்துரைகள் ஹெக்டேரில் இருக்கின்றன. உழவர் ஏக்கரிலும் மாவிலும் கணக்கிடுகிறார். ஒரு ஹெக்டேர் இரண்டரை ஏக்கர். ஒரு மா ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு செய்தியில் ஓர் அலகு மட்டுமே இருக்கட்டும்.

ஈ. மருந்தின் பெயரை அசை பிரித்து ஒரு முறை சொல்லவும். பொட்டலத்தில் எழுதியுள்ள பெயரையும் பார்த்து வாங்கும்படி சொல்லவும்.

உ. பின்னணியில் பாட்டோ நாதஸ்வரமோ வேண்டாம். கைப்பேசியின் சுருக்கமுறை அதைச் சிதைத்து, குரலையும் கெடுக்கும்.

ஊ. ஒரு செய்தியில் ஒரு வேலை மட்டுமே. நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்தில் எண்பது முதல் நூறு சொற்கள் அடங்கும். கட்டணம் பெரும்பாலும் நேர அலகுப்படி கணக்கிடப்படுவதால், அடைத்துப் பேசத் தோன்றும். அவ்வாறு செய்யாமல் செய்தியை இரண்டாகப் பிரிப்பதே நன்று.

ஒரு மாதிரிச் செய்தி

"வணக்கம். இது குறுவை விதைப்பு பற்றிய செய்தி. தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். நாற்று விட்டு நடுவோருக்கு, குறுகிய கால நெல் இரகத்தில், ஏக்கருக்கு விதை இருபத்து நான்கு கிலோ. இரண்டு, நான்கு, இருபத்து நான்கு கிலோ. விதை நேர்த்திக்கு, ஒரு கிலோ விதைக்குச் சூடோமோனாஸ் தூள் பத்து கிராம். சூ-டோ-மோ-னாஸ். ஒன்று, சுழி; பத்து கிராம். ஏக்கர் விதைக்கு மொத்தம் இருநூற்று நாற்பது கிராம். அதாவது கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மறுபடி கேட்க எண் ஒன்றை அழுத்துங்கள்."

ஹெக்டேருக்கு 60 கிலோ விதை என்ற பரிந்துரைதான் இங்கே ஏக்கருக்கு 24 கிலோவாகச் சொல்லப்பட்டுள்ளது. எழுத்தில் படித்தால் சொன்னதையே சொல்வதாகத் தோன்றும். காதால் கேட்பவருக்கு அந்தத் திரும்பச் சொல்லலே துணை.

அனுப்பும் முன் சோதனை

புதிய இரகத்தை ஊர் முழுவதும் நடும் முன் சிறு பாத்தியில் நட்டுப் பார்க்கிறோம். செய்தியையும் அவ்வாறு பார்க்க வேண்டும். கணினியின் ஒலிபெருக்கியில் கேட்டு நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்வது சோதனை ஆகாது. சேவை அமைப்பின் வழியாகவே மூன்று பேருக்கு அனுப்பவும். ஒருவர் வயது முதிர்ந்தவராக இருக்கட்டும். ஒருவர் சாதாரணப் பொத்தான் கைப்பேசி வைத்திருப்பவராக இருக்கட்டும். ஒருவர் பம்புசெட்டு ஓடும் இடத்தில் நின்று கேட்கட்டும். கேட்டு முடித்ததும், "புரிந்ததா?" என்று கேட்க வேண்டாம், எல்லோரும் புரிந்தது என்றே சொல்வார்கள். "எத்தனை கிலோ? எத்தனை கிராம்? எந்த மருந்து?" என்று கேளுங்கள். மூவரும் ஒரே விடை சொன்னால் அனுப்பலாம். ஒருவர் தவறினாலும் அந்தச் சொல்லை மாற்றி மீண்டும் பதிய வேண்டும்.

கூட்டத்தில் எழுந்த ஐயங்களும் விளக்கங்களும்

ஐயம்: எங்களிடம் இப்போது நான்காம் தலைமுறைக் கைப்பேசி இருக்கிறதே, அதில் குரல் தெளிவாகத்தானே வருகிறது?

விளக்கம்: உண்மை. இரண்டு நான்காம் தலைமுறைக் கைப்பேசிகள் நேரடியாகப் பேசும்போது சுமார் 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை செல்லும் முறை உள்ளது. ஆனால் பதிவுச் செய்தி அமைப்பில் கோப்பு 8,000 மாதிரியில் இருந்தால், வாய்க்கால் எவ்வளவு அகலமானாலும் மதகு விட்ட தண்ணீர்தான் வரும்.

ஐயம்: கடைசியில் சுருக்கத்தானே போகிறோம், முதலிலேயே 8,000 மாதிரியில் பதிந்தால் என்ன, ஐயா?

விளக்கம்: பதியலாம்; ஆனால் அது நல்லதன்று. வடிகட்டல், ஒலி அளவு திருத்தம் இவற்றை முழுப் பதிவில் செய்தால் பழுது குறையும். தவிர, நாளை உங்கள் சேவை அமைப்பு மேம்பட்டால், அன்றைக்கு வேண்டிய வடிவத்தை மூலத்திலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம். மூலமே சுருங்கியிருந்தால் மறுபடி பேசிப் பதிய வேண்டும்.

ஐயம்: சென்ற பருவச் செய்தியை இந்தப் பருவத்திற்குப் பயன்படுத்தலாமா?

விளக்கம்: பரிந்துரை மாறாமல் இருக்கிறதா என்று வேளாண்மை அலுவலரிடம் உறுதி செய்துகொண்டு பயன்படுத்தலாம். மூலக்கோப்பில் தேதிப் பகுதியை மட்டும் புதிதாகப் பதிந்து சேர்த்து, மீண்டும் ஒரே முறையில் சுருக்கவும். பழைய ஏ-லா கோப்பில் ஒட்டுப்போட வேண்டாம்.

ஐயம்: யார் வேண்டுமானாலும் இவ்வாறு செய்தி அனுப்பலாமா?

விளக்கம்: இல்லை. மொத்தமாக அழைப்பு அனுப்புவதற்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018-இல் விதிமுறைகள் வகுத்துள்ளது. பதிவு பெற்ற சேவை வழியாக, உறுப்பினரின் சம்மதத்துடன் அனுப்ப வேண்டும்.

முடிவாக

மூலப் பதிவை இழப்பின்றிக் காத்தல், ஒரே முறை சுருக்குதல், 8,000 மாதிரி, மோனோ, ஏ-லா என்று அமைத்தல், எண்ணை இரு வகையில் சொல்லுதல், மூன்று பேரிடம் சோதித்தல் ஆகிய ஐந்தையும் கடைப்பிடித்தால் செய்தி பழுதின்றிச் சேரும். இவற்றுக்குச் செலவு மிகக் குறைவு, வேண்டுவது கவனம். ஆராய்ச்சி நிலையத்தில் பல பருவங்கள் சோதித்துக் கண்ட ஓர் அளவு, கடைசி ஒரு நிமிடத்தில், ஒரு கோப்பு மாற்றத்தில், வேறோர் அளவாகிவிடக் கூடாது. உங்கள் குழுவின் அடுத்த குறுவைச் செய்தியை இம்முறையில் தயாரித்து, சோதனையில் எந்தச் சொல் தவறிக் கேட்டது என்பதைக் குறித்து வைத்து, அதைப் பக்கத்துக் குழுக்களுக்கும் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.